விமானக் கம்பியும் ஓம் விதியும்

வீட்டு மின்கம்பி தேவைக்கு மேல் தடித்திருந்தால் செலவுதான் கூடும். விமானத்திலோ எடை கூடும். மிகவும் மெலிந்தாலோ கம்பி சூடேறி, மேலுறை கெட்டு, தீப்பொறி எழக்கூடும். நடுவானில் நிறுத்திப் பழுதுபார்க்க வழியில்லை. அப்படியானால் எவ்வளவு தடிமன் தகும்? நாம் வகுப்பில் பயின்ற ஓம் விதியே விடை கூறுகிறது.

28 வோல்ட் மின்சுற்றில் ஒரு கருவி 10 ஆம்பியர் மின்னோட்டம் எடுப்பதாகக் கொள்வோம். கம்பியின் மின்தடை 0.2 ஓம் எனில், 10 × 0.2 = 2 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும்; கருவிக்குக் கிட்டுவது 26 வோல்ட்டே. 10 × 10 × 0.2 = 20 வாட் திறன் கம்பியில் வெப்பமாகும்.

இடைவிடாது இயங்கும் இத்தகைய சுற்றுக்கு 1 வோல்ட் இழப்பே வரம்பு என்கிறது அமெரிக்க விமானத்துறையின் வழிகாட்டி. ஆகவே மின்தடை 0.1 ஓமைத் தாண்டலாகாது. குறுக்குப் பரப்பை இருமடங்காக்கினால் மின்தடை பாதியாகும். கம்பியின் எடையோ இருமடங்காகும். அதற்கு மேல் தடித்தால் வீண் சுமை, மெலிந்தால் ஆபத்து. சிறு பெருக்கல்தான், ஆயினும் பயணிகளின் உயிர் அதில் அடங்கியுள்ளது!