டாலர் ஒன்று, விலை இரண்டு: தெரியுமா?

மியான்மரின் (பழைய பர்மா) யாங்கூன் விமான நிலையம் இருப்பது மிங்கலாடோனில். 1990-களில் தனியாக வந்திறங்கிய வெளிநாட்டுப் பயணி அங்கேயே 300 டாலரை மாற்றியாக வேண்டும், தெரியுமா? கைக்குக் கிடைத்தது அந்நாட்டுப் பணமான கியாட் கூட இல்லை, எஃப்.இ.சி. (அந்நியச் செலாவணிச் சான்றிதழ்) என்ற தனிச் சீட்டு! 1993-ல் வந்த அந்தச் சீட்டு 2013 வரை புழங்கியது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் டாலருக்கு அரசாங்கம் வைத்த விலை. 2012 மார்ச் வரை ஏட்டில் ஒரு டாலர் ஏறக்குறைய 6 கியாட்தான், தெருவிலோ 800! தாய்லாந்துக்கு விற்ற எரிவாயுவுக்கு 100 கோடி டாலர் வந்தால், பட்ஜெட்டில் ஏறுவது 600 கோடி கியாட். சந்தை விலையில் அது 80,000 கோடி! பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசில்லை என்று சொன்ன அரசின் கணக்கு இது. நெஞ்சு பதைக்கிறது.

2012 ஏப்ரலில் 818 கியாட் என்று தொடங்கி, சந்தையை ஒட்டியே விலையை நகரவிட்டார்கள். பத்தே வருடம்தான். 2022 ஆகஸ்டில் மறுபடியும் இரண்டு விலை!

நம் இட்லி மாவுக்குப் பர்மா உளுந்து வருகிறதே, அதை வைத்தே பார்க்கலாம். ஏற்றுமதியில் கிடைக்கும் 100 டாலரில் 65 டாலரை 2,100 கியாட் வீதம் மாற்றியாக வேண்டும் என்றது மத்திய வங்கி. வெளிச்சந்தையில் 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,00,000 கியாட் வர வேண்டிய இடத்தில் 2,41,500தான்! ஐந்தில் ஒரு பங்கு போயே போச்சு. வரி என்று யாரும் சொல்லவில்லை, சட்டசபையில் யாரும் கை தூக்கவில்லை. வியாபாரி அதைக் கொள்முதல் விலையில் கழித்துக்கொள்வார். கடைசியில் அடி விழுவது உளுந்து விதைத்தவர் தலையில்.

லாபம் யாருக்கு? மலிவு டாலர் ஒதுக்கீடு கிடைத்தவருக்கு. பெட்ரோலும் பாமாயிலும் இறக்குமதி செய்பவர்களுக்கு அது ஒதுக்கப்பட்டது. ஏழைக்கு எண்ணெய் மலிவாகக் கிடைக்கட்டும் என்பது நல்ல நோக்கம்தான்; ஆனால் அந்த மலிவு ஏழையின் புட்டி வரை வந்து சேரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வெளிநாட்டில் உழைப்பவர்களோ, வங்கியில் விலை குறைவு என்பதால், அதை விட்டு உண்டியல் (ஹவாலா) வழியாகப் பணம் அனுப்பினார்கள். 2023-ல் சம்பளத்தில் கால் பங்கு வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்று உத்தரவே போட்டார்கள்!

இந்தியாவிலும் இரட்டை விலை இருந்தது தெரியுமா? 1992 மார்ச்சில் ஏற்றுமதி டாலரில் 40 சதவீதம் அரசு விலைக்கு, 60 சதவீதம் சந்தை விலைக்கு. ஒரே வருடத்தில் முடித்துவிட்டோம். இலங்கை 1968-ல் தொடங்கி 1977 நவம்பரில்தான் மீண்டது. மியான்மரில் 2024-ல் வெளிச்சந்தை 4,500-ஐத் தாண்டிய பிறகும் ஏட்டில் அதே 2,100தான்.