பூவோடு சேர்ந்த நார்
சமயபுரம் பூச்சொரிதலும் நமது வியாபாரமும்



மாசி மாதக் கடைசி ஞாயிறு நெருங்கினால் திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஒரு தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும். அன்றுதான் சமயபுரம் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் தொடக்கம். தெருவுக்குத் தெரு அம்மன் படம் வைத்து விளக்குக் கட்டிய வண்டிகள், மேளதாளத்துடன் கூடை கூடையாகப் பூவை ஏற்றிக்கொண்டு கொள்ளிடம் பாலம் தாண்டிப் புறப்படும். மஞ்சள் உடுத்தி நடந்து செல்வோர் கூட்டம் இரவெல்லாம் ஓயாது. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் பூ போய்க்கொண்டே இருக்கும்.

பக்தர்கள் சாமிக்காக விரதம் இருப்பது எங்கும் உள்ள வழக்கம். சமயபுரத்தில் அம்மனே பக்தர்களின் நலனுக்காக 28 நாள் விரதம் இருக்கிறாள். இதைப் பச்சைப் பட்டினி விரதம் என்பர். இந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு இவைதான். மூலவர் திருமேனி மூலிகைகளால் ஆனது. ஆகவே அபிஷேகம் உற்சவருக்கே. வெயில் ஏறி அம்மை கண்டு வந்த காலத்தில், பூவைச் சொரிந்து தாயைக் குளிரவைத்தால் ஊர் குளிரும் என்று நம் பெரியவர்கள் நம்பினார்கள். விரதம் முடிந்து சித்திரையில் தேர்.

பூ வியாபாரம் நம் மளிகை வியாபாரம் போன்றதல்ல. துவரம்பருப்பு விலை இறங்கினால் பத்து நாள் மூட்டையை அடுக்கி வைக்கலாம். பூவுக்குக் காலையில் ஒரு விலை, உச்சி வெயிலில் ஒரு விலை, மாலையில் கேட்ட விலை. தை மாதப் பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறும். மாசி, பங்குனியில் வெயில் பட்டதும் செடி பூத்துக் குலுங்கும். அந்த வரத்தைத் தாங்குவது இந்தத் திருவிழாதான். தொடுக்காத உதிரிப்பூவே கூடை கூடையாகப் போவதால் சம்பங்கி, அரளி, செவ்வந்தி போட்டவருக்கும் நாலு காசு கிடைக்கிறது. 2020-ல் ஊரடங்கு வந்து கோயில்கள் நடை சாத்தியபோது, பறிக்கும் கூலி கட்டாமல் பூவைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு. ஒரு திருவிழா எத்தனை அடுப்பை எரிய வைக்கிறது என்று அன்றுதான் நன்றாகப் புரிந்தது.

இனி என் சொந்தக் கதை ஒன்று. 1981 பங்குனியில் நடந்தது. தகப்பனாரின் மண்டியில் நான் அப்போதுதான் தராசுப் பக்கம் நிற்கத் தொடங்கியிருந்தேன். சமயபுரம் போகும் சாலையில் சிறு மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர், தண்ணீர்ப்பந்தலில் பானகம் கரைக்க இரண்டு சிப்பம் நல்ல வெல்லம் கேட்டார். அடியில் கிடந்த, கசிவு கண்ட சரக்கை நான் தள்ளிவிட்டேன். தண்ணீரில் கரைவதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்.

மறுநாள் அவர் வந்தார். சத்தம் போடவில்லை. தூக்குவாளியில் கொண்டுவந்த பானகத்தை ஒரு டம்ளரில் ஊற்றித் தகப்பனார் முன் வைத்தார். அப்பா ஒரு வாய் குடித்தார். புளித்துக் கரித்தது. நடந்து வந்த ஜனங்கள் வரிசையில் நிற்க, அண்டாவோடு கீழே கொட்டியிருக்கிறார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. புது வெல்லத்தை என் தலையில் ஏற்றி அனுப்பி, அன்று இருட்டும் வரை பந்தலில் மொண்டு கொடுக்க வைத்தார்.

அந்தக் கடைக்காரர் வெல்லத்தை வாங்கிக்கொண்டார். மாதக் கடைசியில் பழைய பாக்கியை ஒரு பைசா குறையாமல் கட்டினார். அதன்பின் எங்கள் படி ஏறவில்லை. அவர் பெயரிலிருந்த பக்கத்தைப் பேரேட்டில் நான் அடித்து மூடப்போனபோது அப்பா தடுத்தார். "அவர் கடன் தீர்ந்தது, நம் கடன் தீரவில்லை" என்றார்.

ஆகவே நமது உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள். பானகத்துக்கு வெல்லம், சுக்கு, ஏலக்காய், துள்ளுமாவுக்குப் பச்சரிசி, நீர்மோருக்குப் பெருங்காயம், இவை விரத காலத்தில் நன்றாக ஓடும். மாசி நடுவிலேயே இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்த வெல்லம்தான் உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். ரசாயனம் போட்டும் வெளுக்க வைக்கிறார்கள். பழுப்பு நிற வெல்லத்தின் குணத்தை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லி விற்பது நம் வேலை. பந்தல் போடுவோர் எவர்சில்வர் டம்ளரே வைக்கலாம். பிளாஸ்டிக் கப்புகளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளும் 1-1-2019 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. வெளியூர் பக்தர் மறுபடி வரமாட்டார் என்று எடையிலோ விலையிலோ கை வைக்காதீர்கள். அவர் அடுத்த மாசியிலும் இதே சாலையில்தான் நடந்து வருவார்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். திருவிழாவோடு சேர்ந்த வியாபாரமும் மணக்க வேண்டும். அந்தப் பேரேடு இன்னும் என் பெட்டியடியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நானும் இதுவரை மூடவில்லை.