என் ட்ரெபிளைத் திருடியது யாரு?

கல்ச்சுரல்ஸ் ஃபைனல்ஸ். மேடையில எங்க பேண்ட். கிடாரிஸ்ட் நண்பனோட காலடியில வரிசையா ஏழு பெடல், கலர் கலரா மினுக்குது. பார்க்கவே கெத்து! முதல் கார்டை அடிச்சான் பாருங்க... கம்பளிக்குள்ள தலையை விட்டுட்டுப் பேசுற மாதிரி ஒரு சத்தம். ஹாஸ்டல் ரூம்ல கண்ணாடி மாதிரி கணீர்னு கேட்ட அதே கிடார்தான். ஆம்ப்ல ட்ரெபிளை முழுசாத் திருப்பியும் ‘இரைச்சல்’தான் ஏறிச்சே தவிர, கணீர் வரலை.

‘‘கிடார் கேட்கவே இல்லையே தம்பி’’னு ஜட்ஜ் சொல்லிட்டார். பரிசு போனதுகூடப் பரவாயில்லை. ‘‘மச்சி, இந்த கிடார் டுபாக்கூர்டா. வந்த விலைக்குத் தள்ளிட்டு வேற வாங்கப் போறேன்’’னான் பய. அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசுல வாங்கின கிடார் அது!

காப்பாத்தினது சவுண்டு அண்ணன்தான். ஒயரைச் சுருட்டிக்கிட்டே சொன்னார்... ‘‘தம்பி, கிடாரை வித்துராதப்பா. கீழ இருக்குற பெட்டியெல்லாம் கழட்டிட்டு, சின்ன ஒயர்ல நேரா ஆம்ப்ல குத்திப் பாரு.’’

குத்தினான். கணீர்!

அப்போ குற்றவாளி கிடார் இல்லை. யாரு?

ஒயருக்குள்ள ஒரு திருடன்

எலெக்ட்ரிக் கிடார்ல பிக்கப்னு ஒண்ணு இருக்கே, அது வேற ஒண்ணுமில்லை. காந்தத்தைச் சுத்தி, தலைமுடியைவிட மெல்லிசான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுத்து சுத்தி வெச்சிருப்பாங்க. கம்பி அதிர்ந்தா அதுல மின்சாரம் பிறக்கும். ஆனா, ரொம்ப நோஞ்சான் மின்சாரம். இன்ஜினீயரிங் பாஷையில சொன்னா, பிக்கப்போட இம்பீடன்ஸ் அதிகம். சுருதி மேல போகப் போக இன்னும் அதிகம்.

அடுத்து கேபிள். நடுவுல ஒரு கம்பி, சுத்தி வலை, ரெண்டுக்கும் இடையில இன்சுலேஷன். இது அப்படியே கெபாசிட்டரோட டிசைன் ஆச்சே! ஆமா, கிடார் கேபிள் ஒவ்வொண்ணும் நீளமான ஒரு கெபாசிட்டர்தான். சராசரியா ஒரு மீட்டருக்கு 100 பிகோஃபாரட்னு வெச்சுக்கலாம். இந்த கெபாசிட்டர் என்ன பண்ணும்? நோஞ்சான் சிக்னல் வந்தா, அதுல இருக்குற உச்ச ஸ்தாயி அலைகளை மட்டும் நைஸா கிரவுண்டுக்குத் தள்ளி விட்டுரும். நீளம் கூடக் கூட, திருட்டும் கூடும்.

ஒரு சின்ன கணக்கு. சாதாரண சிங்கிள் காயில் பிக்கப்போட இண்டக்டன்ஸ் 2.2 ஹென்றினு வைங்க. 3 மீட்டர் கேபிள்ல போட்டா, அதோட ஒலி உச்சம் கிட்டத்தட்ட 5,400 ஹெர்ட்ஸ்ல நிக்கும். அதுதான் அந்தக் கணீர். அதே பிக்கப்பை 12 மீட்டர் கேபிள்ல போட்டா, உச்சம் சுமார் 3,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். அதுக்கு மேல இருக்குறதெல்லாம் மளமளன்னு சரியும். கம்பளி போர்த்தியாச்சு!

‘யாருப்பா 12 மீட்டர் கேபிள் போடுறது?’னு கேட்காதீங்க. கிடார்ல இருந்து போர்டுக்கு 5 மீட்டர், போர்டுல இருந்து ஆம்ப்புக்கு 6 மீட்டர், பெடலுக்குப் பெடல் குட்டி குட்டி ஒயர் சேர்த்து ஒரு மீட்டர். கூட்டிப் பாருங்க. பேண்ட் மேடையில இது சர்வ சாதாரணம்.

நல்லவனே வில்லன் ஆன கதை

‘என் பெடல் எல்லாம் ட்ரூ பைபாஸ், ஒண்ணும் ஆகாது’னு நண்பன் அடிச்சுச் சொன்னான். அங்கதான் ட்விஸ்ட்!

அந்தக் காலத்து ‘வா’ பெடல்கள் சிலதுல, ஆஃப் பண்ணின பிறகும் உள்ள இருக்குற சர்க்யூட் சிக்னலோட ஒட்டிக்கிட்டே இருக்கும். ட்ரெபிளை உறிஞ்சும். அதுக்கு மருந்தா வந்ததுதான் ட்ரூ பைபாஸ். ஆஃப் பண்ணினா பெடலே இல்லாத மாதிரி, உள்ள வந்த ஒயரை நேரா வெளிய போற ஒயரோட இணைச்சிடும். ஒரு பெடலுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனா, ஏழும் ட்ரூ பைபாஸா இருந்து, ஏழையும் ஆஃப் பண்ணினா..? கிடார்ல இருந்து ஆம்ப் வரைக்கும் ஒரே நீள ஒயர்! நோஞ்சான் பிக்கப் தன்னந்தனியா 12 மீட்டரையும் இழுக்கணும். நண்பன் க்ளீன் டோன்ல மாட்டினது இப்படித்தான்.

பஃபர்னா சுத்துறது இல்லீங்க!

இங்கதான் பஃபர் என்ட்ரி. வீடியோ பார்க்கும்போது வட்டமா சுத்தி வெறுப்பேத்துமே, அந்த பஃபரிங் இல்லை. இது ஒரு குட்டி சர்க்யூட். உள்ளே வர்ற பக்கம் இம்பீடன்ஸ் ரொம்ப அதிகம், 1 மெகா ஓம் அளவுக்கு. அதனால பிக்கப்புக்கு பாரமே தெரியாது. வெளியே போற பக்கம் ரொம்பக் கம்மி, ஒரு கிலோ ஓம் அல்லது அதுக்கும் கீழே. அதனால எவ்வளவு நீள ஒயரையும் அசால்ட்டா இழுக்கும். 1 கிலோ ஓம்ல இருந்து கிளம்புற சிக்னலை 10 மீட்டர் கேபிள் மழுங்கடிக்க ஆரம்பிக்கிறது சுமார் 1,59,000 ஹெர்ட்ஸ்ல. நம்ம காதுக்கு எல்லையே 20,000தான். அப்புறமென்ன கவலை?

கவனிங்க... பஃபர் சத்தத்தை ஏத்தாது. தெம்பைத்தான் ஏத்தும்.

ஈ.சி.இ. மக்களே, எமிட்டர் ஃபாலோயர்னு ஒண்ணைப் படிச்சு, ‘கெயின் ஒண்ணுதானாம், இதை வெச்சு என்ன பண்றது?’னு கொட்டாவி விட்டீங்களே... இதைத்தான் பண்றது!

தனியா வாங்கணும்கிற அவசியமும் இல்லை. ஜப்பானோட ‘பாஸ்’ கம்பெனி 1977-ல இருந்து காம்பாக்ட் பெடல் போடுது. (நாம டீக்கடையில கூப்பிடுற பாஸ் இல்லை!) அதுல பெரும்பாலானதுல பஃபர் உள்ளேயே இருக்கு. பெடல் ஆஃப்ல இருந்தாலும் பஃபர் வேலை செய்யும். இங்கிலாந்துல பிங்க் ஃப்ளாய்ட் டேவிட் கில்மருக்கு போர்டு செஞ்சு கொடுத்த பீட் கார்னிஷ், ட்ரூ பைபாஸ் பக்கமே போகாம பஃபரை நம்பினவர்.

ஒரு சீனியர் அண்ணாகிட்ட பஃபர் இருக்குற ட்யூனர் பெடல் ஒண்ணைக் கடன் வாங்கி, போர்டுல முதல் ஆளா மாட்டினோம். கம்பளி விலகிடுச்சு. எல்லாரும் ஹேப்பி... நண்பன் ஃபஸ்ஸை மிதிக்கிற வரைக்கும்!

ஃபஸ்ஸுக்கு மட்டும் ஆகாது

ஃபஸ்ஸை மிதிச்சதும் ‘கீச்’சுனு பல்லு கூசுற சத்தம். கிடார் வால்யூமைக் குறைச்சா அழகா க்ளீன் ஆகுமே, அதுவும் காணோம்.

காரணம் இருக்கு. 1966-ல லண்டன்ல ஆர்பிட்டர் கம்பெனி கொண்டுவந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ மாதிரியான பெடல்கள்ல மொத்தமே ரெண்டு டிரான்சிஸ்டர்தான். உள்ளே வர்ற பக்கம் இம்பீடன்ஸ் ரொம்பக் கம்மி. அது பிக்கப்போட நேரா கை கோத்துக்கிட்டுத்தான் வேலை செய்யும். பிக்கப்பும் அந்த சர்க்யூட்ல ஒரு பாகம் மாதிரி. நடுவுல பஃபர் புகுந்தா, அந்தக் கூட்டணி காலி!

தீர்வு ரொம்ப சிம்பிள். ஃபஸ்ஸை முதல்ல வெச்சோம், ட்யூனரை ரெண்டாவதா வெச்சோம். ஃபஸ் ஆன்ல இருந்தா பிக்கப் நேரா அதைப் பார்க்கும். ஆஃப் பண்ணினா, அடுத்த நொடியே பஃபர் கைதூக்கி விடும். ரெண்டு பேரும் சமாதானம்.

இன்னொண்ணும் சொல்லணும். கணீர்தான் எல்லாருக்கும் பிடிக்கணும்னு சட்டமில்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடை போட்டோக்களைப் பாருங்க, சுருள் சுருளா ஒரு கேபிள் தொங்கும். அந்த மாதிரி நீளச் சுருள் ட்ரெபிளை நல்லாவே தின்னும். அவரோட சவுண்டுல அதுக்கும் பங்கு உண்டு. உங்க காது கேட்கிறதுதான் தீர்ப்பு.

நீங்களே துப்பறியலாம்!

* முதல்ல 3 மீட்டர் கேபிள்ல நேரா ஆம்ப். அப்புறம் எல்லா பெடலும் ஆஃப்ல, போர்டு வழியா. வித்தியாசமே இல்லையா? பஃபர் தேவையில்லை, காசு மிச்சம்.

* போர்டு வழியா மங்கலா கேட்டு, ஏதாவது ஒரு பெடலை ஆன் பண்ணினதும் கணீர் திரும்புதா? ஒயர்தான் திருடன்.

* பொதுவா ஒரு நல்ல பஃபர், போர்டோட ஆரம்பத்துல இருந்தா போதும். ஃபஸ் இருந்தா அதுக்கு அப்புறம்.

* பேட்டரி போடுற ஆக்டிவ் பிக்கப்பா? உள்ளேயே பஃபர் மாதிரி ஒண்ணு இருக்கு. மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டியா? அதுவே பஃபர் வேலையையும் பார்த்துக்கும். உங்க கிடார்ல இருந்து அந்தப் பெட்டி வரைக்கும் உள்ள ஒயரை மட்டும் நீளமில்லாம வெச்சுக்குங்க.

* சால்டரிங் தெரியுமா? ஒரு டி.எல்.072 சிப், நாலஞ்சு ரெசிஸ்டர், கெபாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி... சென்னை ரிச்சி தெருவுல ஒரு ரவுண்டு வந்தா எல்லாம் கிடைக்கும். மினி புராஜெக்ட்டும் ஆச்சு, டோனும் ஆச்சு!

நண்பன் கிடாரை விக்கலை. அடுத்த கல்ச்சுரல்ஸ்ல வாசிச்சு முடிச்சுக் கீழ இறங்கினப்போ, சவுண்டு அண்ணன் கன்சோல்ல இருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பரிசு? ரெண்டாவதுதான். ஆனா, ‘கிடார் கேட்கலை’னு மட்டும் யாரும் சொல்லலை!