அம்மாவின் மெஷினும் ஆயில் கேனும்

பைக்கைத் தவறாமல் சர்வீஸுக்கு விடும் கனவான்களே, வீட்டுத் தையல் மெஷினை என்றைக்காவது கழற்றிப் பார்த்ததுண்டா? என் காலேஜ் ஃபீஸில் பாதி அம்மாவின் மெஷின் சம்பாதித்தது. அதனால் சர்வீஸ் என் டிபார்ட்மெண்ட்!

முதலில் ஊசியைக் கழற்றிடணும். பிறகு பாபின் கேஸ், ஷட்டில் இரண்டையும் வெளியே எடுத்தால்... அடேயப்பா, குட்டித் தலையணைக்கு ஆகும் பஞ்சு! அடிக்கடி நூல் அறுந்து அம்மா அலுத்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். பழைய டூத் பிரஷ் போதும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் பட்டால் துரு.

எண்ணெய்? துளைக்கு ஒரு சொட்டு, மெஷின் ஆயில் மட்டும். தேங்காய் எண்ணெய் தலைக்கு. இங்கே விட்டால் நாளடைவில் பிசினாகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா மிதித்து, பழந்துணியில் நாலு வரி தைத்து, கசிவைத் துடைத்த பிறகே அம்மாவைக் கூப்பிடுவேன். எதிர்வீட்டு மாமியின் பட்டு ஜாக்கெட்டில் கறை பட்டால் வாடிக்கையே போச்சு!