பழைய பதிப்பை யாருக்குக் கொடுக்கலாம்?

புதிய தையல் இயந்திரம் வாங்கினால் பழையதை ஊரில் தேவையுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறோம். அதே எண்ணத்தோடுதான் நம்மில் சிலர், கணனியில் மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டதும், பழைய இறுவட்டைப் பக்கத்துப் பாலர் பாடசாலைக்கோ மாதர் சங்கத்துக்கோ கொடுத்துவிடுகிறோம். நல்ல மனதுதான். ஆனால் கொடுப்பதற்கு நம்மிடம் உரிமை இருக்கிறதா?

நாம் காசு கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் மென்பொருளை அல்ல, அதைப் பாவிக்கும் அனுமதியை. அதன் நிபந்தனைகள் திரையில் நீளமாக வருகின்றன. நாமோ வாசிக்காமலே சம்மதம் என்று அழுத்திவிடுகிறோம். (நாங்களும் அப்படித்தான்.)

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். ஒரு கட்டடக் கலைஞர் நிறுவனம் ஆட்டோகாட் என்ற வரைபட மென்பொருளின் 14ஆம் வெளியீட்டை வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டில் புதிய பதிப்புக்கு மாறியது. புதிதாக வாங்குவோருக்கு ஓர் அனுமதியின் விலை 3,750 டொலர். பழையதை வைத்திருந்த இந்நிறுவனத்துக்கோ 495 டொலர் மாத்திரமே. ஆனால் பழைய பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனம் அழிக்கவில்லை, 2007இல் சிலவற்றை விற்றது. வாங்கியவர் அவற்றை இணைய ஏலத்தில் விற்க முற்பட்டபோது தகராறு மூண்டது. நிறுவனம் அனுமதி பெற்றதேயன்றி உடைமையாளர் அல்ல, ஆகவே அதனிடம் வாங்கியவருக்கும் விற்கும் உரிமை இல்லை என 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விலையைக் கவனியுங்கள். 3,255 டொலர் சும்மா குறையவில்லை. பழைய அனுமதியைக் கைவிடுவதற்கே அந்தக் கழிவு. கழிவையும் பெற்று, பழையதையும் கொடுத்தால், ஒரே பொருளை இருமுறை கொடுத்ததாகிறது.

ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் சற்று இளகியது. கால எல்லையின்றிப் பெற்ற அனுமதியை விற்கலாம், ஆனால் விற்பவர் தம்மிடமுள்ள பிரதியைப் பாவிக்க முடியாதபடி செய்துவிட வேண்டும் என்றது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளைப் பதிப்புரிமைக்குள் அடக்குகிறது. நாம் கொடுத்ததை வைத்திருக்கும் பாலர் பாடசாலைதான் நாளை பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே கழிவு விலையில் வாங்குமுன், பழையதைக் கைமாற்றலாமா என்று விற்பவரிடம் கேளுங்கள். கணனியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் பொதுவாக அந்தக் கணனிக்கே உரியது. கொடுப்பதானால் கணனியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் மட்டும் என்றால் லிப்ரே ஒபிஸ் போதும். அது இலவசம். பழைய பதிப்பானாலும் புதிய பதிப்பானாலும் பிரதிபண்ணி எத்தனை பேருக்கும் கொடுக்கலாம்.