புவியிடத் தரவுக் கோப்பு மேலாண்மை: ஒகேனக்கல் குடிநீர்த் திட்டப் பகுதி

புவியிடத் தரவுக் கோப்பு மேலாண்மை என்பது, நிலப்பரப்பில் ஓர் இடத்தோடு தொடர்புடைய தகவல்களைக் கொண்ட கணினிக் கோப்புகளை ஒரு நிறுவனத்துக்குள் பெயரிட்டு, வகைப்படுத்தி, பாதுகாத்து, தேவைப்படும்போது பிழையின்றி எடுத்துப் பயன்படுத்தும் முறையாகும். குழாய்ப் பாதை, நீர்த்தேக்கத் தொட்டி, ஊர் எல்லை, ஆழ்துளைக் கிணறு, செயற்கைக்கோள் படம் ஆகியவை இத்தகைய தரவுக்கு எடுத்துக்காட்டுகள். சாதாரணக் கடிதக் கோப்பு தவறான அடைவில் கிடந்தாலும் திறந்து படித்தால் பொருள் விளங்கும். புவியிடக் கோப்பு அப்படியன்று. அது எந்த அளவீட்டு முறையில் உருவானது என்ற குறிப்பு தொலைந்துவிட்டால், உள்ளே இருப்பவை வெறும் எண்களே. இதனை விளக்குவதற்குத் தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

திட்டத்தின் பின்னணி

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்துள்ளது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீர் ஆதாரம் இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் பருகினால் பற்களில் கறை படிவதில் தொடங்கி, எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படும். இதற்குத் தீர்வாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம், ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியுடன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தால் செயற்படுத்தப்பட்டது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் ஒகேனக்கல்லில் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு, மலைச்சரிவில் மேலேற்றப்பட்டு, பென்னாகரத்தை அடுத்த மடம் பகுதியிலிருந்து இரு மாவட்டங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. நகரங்களும் பேரூராட்சிகளும் போக, 6,700-க்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகள் இதில் அடங்கும்.

இத்தனை குடியிருப்புகளுக்குக் குழாயும் தொட்டியும் எங்கே உள்ளன, எந்த உயரத்தில் உள்ளன என்பதைக் காட்டும் கோப்புகள் ஒழுங்காக இருந்தால்தான், உடைப்பு ஏற்படும்போது எந்த வால்வை மூடவேண்டும் என்பதும், எந்த ஊருக்கு இன்னும் நீர் சேரவில்லை என்பதும் தெரியவரும்.

78 பாகைக் கோடு

உலகை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மீட்டரில் அளவிடும் ஒரு முறை நிலவரைபடங்களில் பரவலாகப் பயன்படுகிறது. இதனைச் சுருக்கமாக யூ.டி.எம். என்பர். கிழக்குத் தீர்க்கரேகை 72 முதல் 78 பாகை வரை 43-ஆம் மண்டலம். 78 முதல் 84 வரை 44-ஆம் மண்டலம். ஒகேனக்கல் ஏறக்குறைய 77.78 பாகையில் உள்ளது. பென்னாகரமும் ஓசூரும் 78-க்கு மேற்கே உள்ளன. தருமபுரி நகரம் 78.16 பாகையிலும், கிருட்டிணகிரி 78.2 பாகையிலும் அமைந்துள்ளன; அரூர் இன்னும் கிழக்கே உள்ளது. அதாவது, நீர் எடுக்கும் இடம் ஒரு மண்டலத்திலும், அதைப் பெறும் மாவட்டத் தலைநகரங்கள் அடுத்த மண்டலத்திலும் இருக்கின்றன. பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் செல்பவர் வழியில் இந்தக் கோட்டைக் கடக்கிறார். சாலையில் அதற்கு எந்த அடையாளமும் இல்லை.

43-ஆம் மண்டலத்தில் ஒகேனக்கல்லின் கிழக்கு அளவு ஏறக்குறைய 8,00,000 மீட்டர். தருமபுரியின் கிழக்கு அளவு 44-ஆம் மண்டலத்தில் ஏறக்குறைய 1,90,000 மீட்டர். மண்டலக் குறிப்பு இல்லாமல் இரு கோப்புகளையும் ஒரே திரையில் திறந்தால், மேற்கே இருக்கும் ஒகேனக்கல் தருமபுரிக்குக் கிழக்கே 600 கிலோமீட்டருக்கு அப்பால் தோன்றும். ஒகேனக்கல் கோப்பை 44-ஆம் மண்டலம் என்று தவறாகக் குறித்தால் அருவி வங்காள விரிகுடாவின் நடுவே போய் விழும். தருமபுரிக் கோப்பை 43 என்று குறித்தால் நகரம் அரபிக்கடலில் மூழ்கிவிடும். இவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும் என்பதால் ஒருவகையில் இது நல்ல பிழை.

இதற்கு எளிய தீர்வு உண்டு. மூலக் கோப்புகள் அனைத்தையும் பாகை அளவில், டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில் வைத்துக்கொண்டு, நீளம், பரப்பு கணக்கிடுவதற்கு மட்டும் திட்டப் பகுதி முழுவதற்கும் ஒரே மண்டலத்தைத் தேர்ந்து கொள்வது. ஒகேனக்கல்லை 44-ஆம் மண்டலத்தில் அளந்தாலும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுக்கே நீளம் மிகும். எந்த மண்டலம் என்று ஒரே ஒரு முறை முடிவு செய்து எழுதி வைப்பதுதான் முக்கியம். அதிகாரி மாறும்போதெல்லாம் அது மாறக் கூடாது.

கண்ணில் படாத பிழைகள்

சிறிய விலகல்களே அதிகத் தொல்லை தருபவை. இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலவரைபடத் தாள்கள் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜி.பி.எஸ். கருவிகள் டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐப் பின்பற்றுகின்றன. மாற்றம் செய்யாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால், இப்பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் ஏற்படும். பழைய தாளில் ஏரிக்கரையில் இருக்கும் தொட்டி, புதிய படத்தில் ஏரிக்குள் நிற்கும். 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலவரைபடக் கொள்கைக்குப் பின் வெளியான பொதுப் பயன்பாட்டுத் தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில் அமைந்தவை. ஆகவே, ஸ்கேன் செய்த தாளின் கோப்பில் அதன் பதிப்பு ஆண்டைக் குறிப்பது வெறும் அலங்காரமன்று.

பாகை எழுதும் முறையும் குழப்பம் தரும். ஒகேனக்கல்லின் அட்சரேகை ஏறக்குறைய 12 பாகை 7 கலை. இதைப் பதின்ம முறையில் 12.12 என எழுத வேண்டும். அவசரத்தில் 12.07 என்று பதிந்தால் புள்ளி 5 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும்.

குடிநீர்த் திட்டத்துக்கு எல்லாவற்றிலும் கவலைக்குரியது உயரம். ஜி.பி.எஸ். நேரடியாகத் தருவது நீள்கோளத்திலிருந்து கணக்கிட்ட உயரம். பொறியாளர்கள் பயன்படுத்துவது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். தென்னிந்தியாவில் இவ்விரண்டுக்கும் 80 மீட்டருக்கும் மேல் வேறுபாடு உண்டு. சில கருவிகள் திருத்தம் செய்து காட்டுகின்றன, சில காட்டுவதில்லை. பத்து மீட்டர் நீர்மட்ட உயரம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தம். இருவகை உயரங்களும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால், தானாகவே நீர் வழிந்தோடும் என்று கணக்கிட்ட ஊருக்கு ஒரு சொட்டும் ஏறாது. எனவே உயரப் பத்தியின் பெயரிலேயே அது எந்த உயரம் என்பதைச் சேர்க்க வேண்டும்.

பெயரா, குறியீடா?

இப்பகுதியின் குடியிருப்புப் பெயர்கள் பல கொட்டாய், அள்ளி, பட்டி என முடிகின்றன. புதூர், காலனி போன்ற பெயர்கள் ஒன்றியத்துக்கு ஒன்றியம் திரும்ப வரும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஊருக்கு நான்கு எழுத்துக்கூட்டுகள் கிடைக்கும். 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றும் அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். பெயரை நம்பி இரு அட்டவணைகளை இணைப்பவர்கள் இத்தகைய மாற்றத்தின்போது தடுமாறுவர். அதனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் குறியீட்டையோ, ஒன்றிய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி விவரத் தொகுப்புக் குறியீட்டையோ ஒவ்வொரு பதிவிலும் வைத்திருப்பது நல்லது.

குறியீடும் நிலையானதன்று. தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருட்டிணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 2001 கணக்கெடுப்பில் ஒரே மாவட்டமாக இருந்தது, 2011-இல் இரண்டு மாவட்டங்கள். ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. "தருமபுரி எல்லை" என்று மட்டும் பெயரிட்ட கோப்பு எந்தத் தருமபுரியைக் காட்டுகிறது என்பது ஆண்டு இல்லாமல் விளங்காது.

கோப்பு வடிவமும் தமிழும்

பல அலுவலகங்களில் இன்றும் பயன்படுவது ஷேப்ஃபைல் என்னும் வடிவம். பெயர் ஒன்றாயினும் இது பல கோப்புகளின் தொகுதி: வடிவங்கள் ஒன்றில், வரிசை அட்டவணை ஒன்றில், விவரங்கள் இன்னொன்றில், அளவீட்டு முறை பிறிதொன்றில். மின்னஞ்சலில் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டுப் "படம் திறக்கவில்லையாம்" என்று வியப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அளவீட்டு முறைக் கோப்பு விடுபட்டாலும் படம் திறக்கும் என்பது இன்னும் மோசம். மேலே கண்ட மண்டலக் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

ஷேப்ஃபைலின் பத்திப் பெயர் 10 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். யூ.டி.எஃப். 8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் ஆகும். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படும். "ஊர்" என்ற சொல்லே 9 பைட்டுகளைப் பிடித்துவிடும். "தருமபுரி" 24 பைட்டுகள். பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்த ஊர்ப்பட்டியல்களும் அலுவலகங்களில் உண்டு. அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் திரையில் பொருளற்ற எழுத்துகளே தோன்றும். 2014-இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஜியோபேக்கேஜ் வடிவத்தில் அனைத்தும் ஒரே கோப்பில் அடங்குவதோடு, பத்திப் பெயருக்கு அந்தக் குறுகிய வரம்பும் இல்லை. கியூ.ஜி.ஐ.எஸ். எனப்படும் கட்டற்ற மென்பொருள் இதனை நேரடியாகத் திறக்கும். பலர் ஒரே நேரத்தில் திருத்தும் நிறுவனங்களுக்கு போஸ்ட்ஜி.ஐ.எஸ். போன்ற தரவுத்தளம் ஏற்றது.

பெயரிடலும் அடைவுகளும்

கணினிக்கு முற்பட்ட ஒரு நல்ல முன்மாதிரி நில அளவைத் துறையின் தாள் எண். ஒகேனக்கல் அமைந்துள்ள 1:50,000 அளவுத் தாள் 57 எச்/16. தருமபுரி நகரம் 57 எல்/4. முதல் எண் நான்கு பாகைச் சதுரத்தையும், எழுத்து அதனுள் ஒரு பாகைச் சதுரத்தையும், கடைசி எண் கால் பாகைச் சதுரத்தையும் குறிக்கும். தாளைப் பார்க்காமலே இடத்தைச் சொல்லிவிடலாம். கோப்பின் பெயரும் இவ்வாறே பொருள், பகுதி, அளவீட்டு முறை, நாள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். நாளை 20130529 என்று ஆண்டு முதலாக எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். "இறுதி", "புதிய இறுதி", "கடைசி இறுதி" என்ற பெயர்களில் எது கடைசி என்பது எழுதியவருக்கே மறந்துவிடும்.

அடைவுகள் மூன்று போதும். களத்திலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் வந்தவை வந்தபடியே ஒன்றில் இருக்கும். அவற்றை யாரும் திருத்தக் கூடாது. திருத்த வேலை நடப்பவை இரண்டாவதில். சரிபார்த்து ஒப்புதல் பெற்றவை மூன்றாவதில். அதில் எழுதும் உரிமை ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் இருக்கும். ஒவ்வொரு கோப்புடனும் யார், எப்போது, எந்தக் கருவியால், எந்த அளவீட்டு முறையில் திரட்டினார் என்ற விவரக் குறிப்பு இருக்க வேண்டும். இதற்கென ஐ.எஸ்.ஓ. 19115 என்ற பன்னாட்டுத் தரம் உள்ளது. அதன் அனைத்துக் கட்டங்களையும் நிரப்ப முடியாத சிறு அலுவலகம், அரைப் பக்கக் குறிப்பையாவது அதே அடைவில் வைக்கலாம். மூன்றாம் அடைவின் ஒரு படி வேறொரு கட்டடத்தில் இருப்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் படியை உண்மையிலேயே திறந்து பார்ப்பதும் வேண்டும்.