மலைக்குளிரில் பூக்கும் குறுஞ்செடிகள்

மலைக்குளிரில் பூக்கும் குறுஞ்செடிகள் என்பவை, ஆளுயரத்துக்குள் அடர்ந்து வளர்ந்து, கடுங்குளிரைத் தாங்கிப் பல ஆண்டுகள் பூக்கும் செடிகள் ஆகும். தமிழ்நாட்டில் இவை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்க்கப்படுகின்றன. அசேலியா, ஹைட்ராஞ்சியா, ஃபியூஷியா ஆகியவை நன்கு அறியப்பட்டவை. 1848இல் தொடங்கப்பட்ட உதகை அரசு தாவரவியல் பூங்கா, இத்தகைய வெளிநாட்டுச் செடிகள் பலவற்றை நம் மலைகளில் பழக்கப்படுத்திய இடம்.

உறைபனியும் செடியும்

உதகையில் பொதுவாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வேகமாக வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் பனி அதிகம். செடியைப் பள்ளத்தில் நடாமல் சரிவில் நடுவது நல்லது.

இலையிலுள்ள நீர் உறைவதால் திசுக்கள் சிதைகின்றன. உறைந்த இலைமேல் காலை வெயில் சட்டென்று பட்டால் சேதம் இன்னும் கூடும், இலை கருகிவிடும். மாலையிலேயே தழைக் கிளைகளாலோ துணியாலோ மூடி வைத்தால் இளஞ்செடிகள் தப்பும். வேரைச் சுற்றிச் சருகு மூடாக்கு இடலாம்.

கனடா போன்ற நாடுகளில் நிலமே உறைந்துவிடும். அங்கே இலையுதிர்த்து உறங்கும் பொட்டென்டில்லா, ஸ்பைரியா போன்ற செடிகளை நடுகிறார்கள். வேர்மேல் படியும் வெண்பனி அவற்றுக்குப் போர்வையாகிறது.

மண்ணும் நீரும்

அசேலியாவுக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். நீலகிரி மண் இயல்பாகவே அப்படிப்பட்டது. ஹைட்ராஞ்சியாவின் சில வகைகள் அமில மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீல நிறமாகப் பூக்கும். சுண்ணாம்பு இட்டால் இளஞ்சிவப்பாகும். இச்செடிகளின் வேர்கள் மேலாகவே பரவுவதால் ஆழமாகக் கொத்தக் கூடாது. நீர் தேங்கினால் வேர் அழுகும்.

மலையில் வாங்கிய தொட்டிச் செடியை விருத்தாசலம் போன்ற சமவெளி ஊருக்குக் கொண்டு வந்தால் கோடையைத் தாங்குவது அரிது. அதற்கு இரவுக் குளிர்ச்சி தேவை.

கத்தரித்தல்

செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருக்க, இளம் பருவத்தில் நுனி கிள்ள வேண்டும். அசேலியாவும் சாதாரண ஹைட்ராஞ்சியாவும் அடுத்த பருவத்துக்கான மொட்டை முன்கூட்டியே உருவாக்கிக்கொள்ளும். ஆகவே பூத்து முடிந்ததும் கத்தரிக்க வேண்டும். தாமதித்தால் வரும் பூக்களையே வெட்டியதாகும். ஃபியூஷியா புதுத் தளிரில் பூப்பதால் பனிக்காலம் முடிந்தபின் வெட்டலாம். பனிக்காலத்துக்குச் சற்றுமுன் தழைச்சத்து உரம் இடுவதும் தவறு. அப்போது வரும் இளந்தளிர் பனியில் முதலில் கருகும்.

தோட்டத்தைத் தாண்டிய செடிகள்

குளிரைத் தாங்குவது மட்டும் நல்ல செடிக்கு இலக்கணம் ஆகாது. ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து நீலகிரிக்கு வந்த ஸ்காட்ச் புரூம், கார்ஸ் ஆகிய மஞ்சள் பூச்செடிகள் எந்தப் பராமரிப்பும் இல்லாமல் செழித்தன. அவற்றின் காய்கள் வெடித்து விதைகளைச் சிதறுகின்றன. அவ்விதைகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடப்பதால், செடியை வெட்டினாலும் மீண்டும் முளைக்கின்றன. இன்று அவை மலை உச்சிப் புல்வெளிகளை ஆக்கிரமித்துள்ளன.

அப்புல்வெளிகள் குறிஞ்சியின் வாழிடம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் குளிர் தாங்கும் குறுஞ்செடிதான். பூத்து விதை தந்தபின் மடிந்துவிடும். 2006லும் 2018லும் அது பெருமளவில் பூத்தது. விதை விழுந்த இடத்தைப் புதர் மூடிவிட்டால் அடுத்த தலைமுறை எழ இடமிராது.

எனவே மலைத் தோட்டத்துக்குச் செடி வாங்கும்போது, அது பனியைத் தாங்குமா என்பதோடு தானாக விதை பரப்புமா என்றும் கேட்டறிய வேண்டும். போத்து அல்லது பதியன் மூலம் நாமே பெருக்கக்கூடிய, வேலி தாண்டிப் பரவாத செடிகளே ஏற்றவை. புல்வெளியை அடுத்துள்ள வீடுகளில் ஸ்காட்ச் புரூம் இருந்தால், பூக்கும் முன்பே வேரோடு அகற்ற வேண்டும்.